முதலாவதாக நின்றவன்

பட்டியலில் கை வைத்தது தப்புதான். இல்லையென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. போதகர் ரீக்கனிடம் மறுநாளே ஒத்துக்கொண்டேன். "தெரியாம எழுதினது இல்லைங்க ஐயா. வயித்தெரிச்சல்ல வேணும்னேதான் எழுதினேன்" என்றேன். சிரிப்பதா கண்டிப்பதா என்று தெரியாமல் மனுஷர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயசுக்காரர், பாவம்.

மோர்ஹூசன் கோயில் அலுவலகத்தில் எழுத்து வேலை என்னுடையது. ஊரில் யார் பிறந்தாலும் செத்தாலும் இந்த அல்மூத்தின் பேனாவைத் தாண்டித்தான் போகவேண்டும். என் வீட்டுக்காரர் ஹார்ம் கோயில் படியை மிதிக்காதவர். பிரேமன் துறைமுகத்தில் தொழிற்சங்கம், கூட்டம் என்று வளர்ந்த ஆள். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் நான் கோயிலுக்கு, அவர் தேனீப் பெட்டிகளுக்கு. "உன் ஆளுங்களைவிட என் ஆளுங்க நல்லாவே பாடுறாங்க" என்பார். இதை வைத்து எங்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது.

போர்க்காலத்தில் அரசாங்கத்தை எதிர்த்து நோட்டீஸ் அச்சடித்தார் என்று அவரைப் பிடித்து, எங்கள் ஊருக்கு முப்பது கிலோமீட்டரில் சதுப்பு நிலத்து முகாமில் போட்டார்கள். அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்குகிற வேலை. மூன்று வருஷம். நாற்பத்தைந்தில் முகாம் திறந்ததும், கால் போன போக்கில் நடந்து எங்கள் வைக்கோல் கொட்டகையில் வந்து விழுந்தார். நான் அப்போது புருஷனைப் போரில் பறிகொடுத்தவள். பட்டினி கிடந்த மனுஷனுக்கு ஒரு தட்டு சூப் கொடுத்தேன். அந்தச் சூப் இன்னும் முடிந்தபாடில்லை.

அந்த முகாமில் தலைமை அதிகாரிக்கு அடுத்த இடத்தில் இருந்தவன் ஓர்ட்வின் ஹில்மர்ஸ். எங்கள் ஊர்க்காரன்தான், ஹில்மர்ஸ் பண்ணையின் மூத்த பிள்ளை. நான் சிறுமியாக இருக்கும்போதே சீருடை மாட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டான். எனக்கு அவன் முகம்கூடச் சரியாக நினைவில்லை. ஹார்ம் சொல்லித்தான் தெரியும். காலையில் ஆள் எண்ணும்போது கையில் புத்தகமே வைத்திருக்க மாட்டானாம். நானூறு பேரையும் வரிசை மாறாமல் மனப்பாடமாகச் சொல்வானாம். சீக்காளிகள் பட்டியலில் பதினோரு பேருக்குத்தான் இடம். பன்னிரண்டாவது ஆள் எந்தக் காய்ச்சலில் கிடந்தாலும் மண் வெட்டப் போயாகவேண்டும். ஹார்மோடு அச்சகத்தில் வேலை பார்த்த லூடோ என்ற சிநேகிதன் ஒரு பிப்ரவரிக் காலையில் பன்னிரண்டாவது ஆளாகப் போனான். சாயங்காலம் ஹார்மும் இன்னொருத்தரும் அவனைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதை ஹார்ம் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நானும் மறுபடி கேட்கவில்லை.

ஓர்ட்வின் என்ன ஆனான் என்று கேட்டால் ஊர் ஒரே குரலில் சொல்லும்: போரின் கடைசி வாரத்தில் பெர்லினில் செத்தான். அவன் தங்கை மேட்டா மனுப்போட்டு, நீதிமன்றமும் செத்தவன் என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோயில் வாசலில் போரில் மாண்டவர்களுக்கு வைத்திருக்கிற கல்லில், என் முதல் புருஷன் பெயருக்கு நாலு வரி மேலே அவன் பெயரையும் வெட்டினார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஹார்ம் தேன் விற்கப் பிரேமனுக்குப் போனார். ரயில் நிலையத்தில் எதிர் நடைமேடையில் ஓர்ட்வின் நின்றுகொண்டிருந்தானாம். மீசை இல்லை, தலை நரைத்துவிட்டது, ஆனால் அவனேதான். இவர் படியிறங்கி ஓடிப் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நேராக வந்து எங்கள் ஊர்க் காவலர் ஓல்ட்மன்ஸிடம் சொன்னார். ஓல்ட்மன்ஸ் என்ன செய்தான்? மேட்டாவிடம் போய் ஓதினான். மேட்டா, செத்துப்போன அண்ணனை அவதூறு பேசுகிறார் என்று புகார் எழுதிக் கொடுத்தாள். அதற்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். செத்தவன் மானத்துக்குக் காவல் உண்டு, உயிரோடிருக்கிற என் வீட்டுக்காரருக்குக் கிடையாது.

வழக்குக்குப் போகாமல் இருக்கவேண்டுமென்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 'நான் பார்த்ததாகச் சொன்னது தவறு, காலஞ்சென்றவரின் குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்.' ஹார்ம் மாட்டேன் என்றார். போடச் சொன்னது நான். "போட்டுட்டு வாங்க, ஊரோட பகைச்சுக்கிட்டு எப்படிங்க குடியிருக்கிறது" என்று இரண்டு நாள் அரித்தெடுத்தேன். மூன்றாம் நாள் போய்ப் போட்டுவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு ஊரில் அவருக்குப் பொய்யன் என்று பெயர் விழுந்துவிட்டது. விடுதி நடத்துகிற பெரெண்ட் சீம்ஸ் இருக்கிறானே, வாயைத் திறந்தால் நக்கல். "வாங்க ஹார்ம், இன்னைக்கு எந்தப் பொணத்தை ரயில் ஏத்தி விட்டுட்டு வர்றீங்க?" என்பான். கூடியிருப்பவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். ஹார்ம் பீர் குடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் தேன் வடித்துக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னார்: "அவனைத் தூக்குல போடணும்னுகூட இல்ல அல்மூத். நான் பொய் சொல்லலைன்னு இந்த ஊர்ல ஒருத்தன் சொன்னாப் போதும்." நான் எழுந்து சமையலறைக்குப் போய் அழுதேன்.

இப்படி ஐந்து வருஷம் ஓடியது. அறுபத்திரண்டில் குருத்தோலை ஞாயிறு வந்தது. எங்கள் பக்கத்தில் பதினாலு வயசில் பீடத்தின்முன் நின்று விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் எடுத்தவர்கள், ஐம்பது வருஷம் கழித்து அதே கோயிலில் அதே பீடத்தின்முன் கூடுவார்கள். பொன்விழா. எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் வந்துவிடுவார்கள். உயிரோடிருப்பவர்கள் பெயரை முதலில் படித்து, பிறகு செத்தவர்கள் பெயரைப் படிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி.

அதில் ஒரு வழக்கம். எங்கள் பழைய போதகர் ஞானோபதேசப் பாடத்தில் கேள்வி கேட்டு, பதில் சொன்ன லட்சணத்தை வைத்துப் பையன்களை வரிசையாக நிறுத்துவார். முதலாவது நின்றவனுக்கு ஆயுசு முழுக்கப் பெருமை. கடைசியில் நின்றவனுக்குச் சாகிறவரை தலைகுனிவு. கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிக் காட்டுவார்கள். பொன்விழாவிலும் அதே வரிசையில்தான் பெயர் படிக்கவேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷப் பதிவேட்டைப் பிரித்தேன். பதினோரு பையன்கள்; பெண்பிள்ளைகளுக்கு வரிசை தனி. முதல் பெயர் ஓர்ட்வின் ஹில்மர்ஸ். ஆறு பேர் செத்தவர்கள், அதாவது இவனையும் சேர்த்து. செத்தவர் பட்டியலை நான் தாளில் எழுத ஆரம்பித்தேன். அவன் பெயரை முதலில் எழுத என் கை வரவில்லை. சத்தியமாக வரவில்லை. மற்ற ஐந்து பேரையும் எழுதிவிட்டு, கடைசியில், கொஞ்சம் இடமும் விட்டு, அவனை எழுதினேன். போதகர் ஊருக்குப் புதுசு. கொடுத்ததை அப்படியே படித்தார். பையன்கள் வரிசையில் கடைசி மணி ஓர்ட்வினுக்கு அடித்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. அவ்வளவுதான் என் நினைப்பு, பொறி வைக்கிற அளவுக்கு எனக்கு மூளை ஏது.

ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் காபி. நாற்பது பேர் இருக்கும். பட்டர் கேக் பத்துத் தட்டு. மேட்டா ஹில்மர்ஸ் ஒரு விருந்தாளியைக் கூட்டி வந்திருந்தாள். "காசல்ல இருந்து வந்திருக்கிற எங்க ஒண்ணுவிட்ட அண்ணன், நோல்டே" என்றாள். நரைத்த தலை, தடிக் கண்ணாடி, கையில் தொப்பி. கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நானே அவருக்குக் காபி ஊற்றினேன். சர்க்கரை ரெண்டு போட்டுக்கொண்டார்.

நான் போதகருக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது அந்த மனுஷர் எழுந்து எங்களிடம் வந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். உங்க பட்டியல்ல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

"அப்படியா?" என்றார் போதகர்.

"ஹில்மர்ஸைக் கடைசியில படிச்சீங்க. அது சரியில்ல. அவர் நின்னது முதலாவதா."

போதகர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. திருட்டுத்தனம் வெளிப்பட்டுவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன், வேறொன்றும் தோன்றவில்லை. சமாளிக்கிறதுக்காக வாயில் வந்ததைச் சொன்னேன்: "பழைய பதிவேடுங்க, மை அழிஞ்சு கெடக்கு. யாரு எங்க நின்னான்னு இப்ப யாருக்குத் தெரியும்?"

"ஏன் தெரியாம?" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஆள் காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். "ஒண்ணு ஹில்மர்ஸ். ரெண்டு தீர்க் ஆல்பர்ஸ். மூணு எய்லர்ட் போப்கன்." மூச்சு விடாமல், கையில் தாள் இல்லாமல், எங்கேயும் தடுமாறாமல் போய்க்கொண்டே இருந்தார். குரல் ஏறியது. கூடத்தில் பேச்சு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. ஹார்ம் சொன்ன அந்தக் காலை வரிசை இதுதான் என்று புரிந்தபோது காபிக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மேட்டா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும் அண்ணா, வாங்க." அவர் நிறுத்தவில்லை. வரிசையை முடிக்காமல் விட அவருக்கு வராது.

"பத்து யோகான் ஹார்ட்மன். பதினொண்ணு பெரெண்ட் சீம்ஸ். 'பொய்சாட்சி சொல்லாதே'ங்கிற எட்டாங்கட்டளையில திக்கி நின்னவன்."

பெரெண்ட் சீம்ஸ் நாலடி தூரத்தில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தான். அறுபத்துநாலு வயசு, ஊர்ச் சபையில் உறுப்பினர், பேரன் பேத்தி எல்லாம் பக்கத்தில். அவன் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. பின்னால் அவனே சொன்னான், கோயில் வாசலிலேயே ஆளைத் தெரிந்துகொண்டானாம். கூட நின்றவன் ஆயிற்றே, நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தானாம். அவன் மட்டும்தானா தெரிந்துகொண்டிருப்பான்? மற்றவர்கள் இன்றுவரை தெரியாது, தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் பேரப்பிள்ளைகள் முன்னால் மட்டம் தட்டினால் பெரெண்ட் பொறுப்பானா? முள்கரண்டியைத் தட்டில் எறிந்தான்.

"மூடுடா ஓர்ட்வின் வாயை! அம்பது வருஷம் ஆச்சு, செத்தும் போய்ட்ட, இன்னும் உனக்கு அதே திமிரா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று பெரெண்டுக்கே உறைத்தது. ஆனால் அவனிடம் ஒரு நல்ல குணம், சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டான். எழுந்து போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் நின்றால் வேறு கதவு தேவையில்லை.

"இவரு நோல்டே" என்று மேட்டா அழ ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை.

காவலர் ஓல்ட்மன்ஸ் அம்மாவின் பொன்விழாவுக்காகச் சீருடையில்லாமல் வந்திருந்தான். வாயில் கேக்கோடு உட்கார்ந்திருந்தான். நான் அவன் மேசைக்குப் போனேன்.

"ஏம்ப்பா ஓல்ட்மன்ஸ், பேரு காதுல விழுந்துச்சா? இல்ல நான் எழுதித் தரட்டுமா? எனக்கு எழுத்து வேலைதான்."

அவன் விழுங்கிவிட்டு மெதுவாக எழுந்தான். அன்றைக்கு அவன் கண்ணைப் பார்த்தவர்கள் கோபப்படமாட்டார்கள், அவ்வளவு வெட்கம். ஓர்ட்வினை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"உங்க வீட்டுக்காரரை யாராவது கூட்டிட்டு வரணுமே" என்றார் போதகர். சொன்னவர் தானே கிளம்பிவிட்டார். அங்கியைக் கழற்றக்கூட இல்லை. மொபெட்டில் கறுப்பு அங்கி பறக்க ஊர்வழியே போனதை ஜனங்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஹார்ம் தேனீ வலைத்தொப்பியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டபடி, சேற்றுப் பூட்ஸோடு வந்தார். பெரெண்ட் கதவைவிட்டு விலகினான். தன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க ஹார்ம்" என்றான். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அன்னைக்கு நீங்க பாத்தது நெஜந்தாங்க. நீங்க பொய் சொல்லல" என்றான். நக்கலே இல்லாத பெரெண்டின் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

ஹார்ம் உட்கார்ந்தார். ஓர்ட்வினைப் பார்த்தார். "காபி இருக்கா அல்மூத்?" என்றார். ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

"லூடோவை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு யாரையும் ஞாபகம் இல்ல" என்றான் ஓர்ட்வின்.

பின்னாலிருந்து ஒரு கிழவி சிரித்துவிட்டாள். பதினோரு பெயரை ஐம்பது வருஷம் கழித்து மணி மணியாக ஒப்பித்த வாய், ஐந்து நிமிஷத்தில் மறந்துபோயிற்றாம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு மேட்டாகூட அழுகையை நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து வழக்கு நடந்தது. ஹார்ம் மூன்று நாள் சாட்சி சொன்னார். லூடோவின் தங்கை வந்திருந்தாள், எங்கள் வீட்டில்தான் தங்கினாள். முகாம் கொலைகளுக்கு உடந்தையாக இருந்த குற்றம் என்று நாலு வருஷம் கொடுத்தார்கள். நாலே நாலு. நான் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று கத்தின கத்தில் வக்கீல்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றரை வருஷத்தில் இதய நோய் என்று வெளியே விட்டுவிட்டார்கள். அவனுக்கு இதயம் இருக்கிற சங்கதியே எனக்கு அப்போதுதான் தெரியும். இப்போது மேட்டாவோடு பண்ணையில் இருக்கிறான், சொந்தப் பெயரில்.

எனக்கு ஆத்திரம் தீரவில்லை, தீரவும் தீராது. ஆனால் ஹார்மைப் பாருங்கள், ஆள் தெளிந்துவிட்டார். விடுதிக்குப் போகிறார், பெரெண்டோடு சீட்டாடுகிறார். ராத்திரி குறட்டை விடுகிறார், முன்பு விடமாட்டார். நானும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் சைக்கிளில் பெட்டிகளைப் பார்க்கப் போகும்போது, குறுக்குவழி இருக்க, வேண்டுமென்றே ஹில்மர்ஸ் பண்ணையைச் சுற்றிக்கொண்டு போவார். ஓர்ட்வின் வேலியோரம் நின்றால் "காலை வணக்கம், ஓர்ட்வின் ஹில்மர்ஸ்" என்று முழுப்பெயரும் சொல்லி வணக்கம் வைப்பார். பதில் வராது. இவர் மறுநாளும் வைப்பார்.

"அந்த நாய்க்கு எதுக்குங்க வணக்கம்?" என்று கத்தினேன்.

"பேரு சொல்லிக் கூப்பிடுறதுல என்ன தப்பு" என்றார்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, சமையலறை வாசலில் நின்றார். "இன்னைக்கு அவன் தொப்பியைத் தூக்கினான் அல்மூத்" என்றார்.

"யாரு?"

"ஓர்ட்வின். நான் வணக்கம் சொன்னதும், கை தானா போயி தொப்பியைத் தூக்கிருச்சு. தூக்கின பிறகுதான் அவனுக்கே தெரிஞ்சுது."

முகாமில் அவன் ஆறடி தூரத்தில் வந்தாலே எல்லாரும் குல்லாயைக் கழற்றியாகவேண்டுமாம், பனியானாலும் மழையானாலும். கழற்றத் தாமதித்தவனுக்கு அன்றைக்குச் சோறில்லை. அதை அப்போதுதான், அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, முதல்தடவையாகச் சொன்னார்.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நானா? என் குல்லா என் தலையிலதான் இருந்துச்சு. கழட்டல" என்றார். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, உருளைக்கிழங்கை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.